பாடசாலைத் தோட்டம் ஏன் ஓகஸ்ட்டில் சாகிறது? வலிகாமத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் கிழக்கில், செம்மண் தரையில் உள்ள ஒரு கலவன் பாடசாலை. பெயர் இங்கே தேவையில்லை. அங்கே நடந்தது தீபகற்பத்தின் எத்தனையோ பாடசாலைகளில் நடப்பதுதான். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடி வந்து மரக்கறி விலை ஏறியது. பாடசாலைத் தோட்டத்துக்குத் திடீரென்று ஒரு மவுசு உண்டானது. இந்தப் பாடசாலையிலும் மைதானத்தின் பின்புறம் இரண்டு பரப்பு நிலத்தை உழுதார்கள். இரண்டாம் தவணை தொடங்கிய கையோடு மிளகாய், கத்தரி, மரவள்ளி மூன்றும் நட்டார்கள். நடுகை நாளில் படம் எடுத்தார்கள். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியபோது மரவள்ளி மட்டும் நின்றது, அதுவும் ஆடு கடித்தது போக.

பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அது சரியான காரணமல்ல. கணக்கு தொடக்கத்திலேயே பிழைத்துவிட்டது.

தண்ணீர்க் கணக்கு

யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு பரப்பு ஏறத்தாழ 500 சதுர மீற்றர். கோடை வெயிலில், சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் நாட்களில், பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீரை இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் என்றால் 1 லீற்றர். அந்த நிலம் முழுவதும் பயிரானால் நாளொன்றுக்கு 2,500 லீற்றர் வேண்டும். பத்து லீற்றர்ப் பூவாளியால் 250 தடவை. காலை 7.30க்கு மணி அடிக்கும் பாடசாலையில் யார் அதைச் செய்வது? வாய்க்கால் வெட்டி மோட்டர் போட்டு இறைக்கலாம்தான். ஆனால் அப்போது இறைப்பது மோட்டர். பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்.

பிறகு தோட்டத்தை மறுவடிவமைத்தபோது நிலம் ஆறு பாத்தியாகச் சுருங்கியது. ஒவ்வொன்றும் 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம். அகலம் இதற்கு மேல் போனால் பதினொரு வயதுப் பிள்ளையின் கை நடுப்பாத்திக்கு எட்டாது. எட்டாத இடத்துக்குக் கால் போகும், மண் இறுகும். பாத்திக்கிடையே 60 சென்ரிமீற்றர் வழி. மொத்தம் 18 சதுர மீற்றர், நாளுக்கு 90 லீற்றர். பாத்திக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஆளுக்கு மூன்று லீற்றர். நிறைந்த பூவாளி பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தூக்கும் பிள்ளை பாதித் தண்ணீரைத் தன் காலில்தான் ஊற்றும். மூடியில் துளையிட்ட ஐந்து லீற்றர் எண்ணெய்க் கலன், அரைவாசிக்குச் சற்று மேல் நிரப்பியது, போதும்.

கிணற்றில் பிள்ளைகள் தண்ணீர் அள்ளுவதில்லை. கிணறு வலை போட்டு மூடியிருக்கிறது. காலையில் காவலாளி மோட்டர் போட்டுத் தாங்கியை நிரப்புவார். பிள்ளைகள் தாங்கிக் குழாயில் பிடிப்பார்கள்.

ஊற்றுவதற்கு முன் ஒரு விதி: விரலை இரண்டாம் மூட்டு வரை மண்ணுக்குள் விடு, ஈரம் தெரிந்தால் இன்று தண்ணீர் இல்லை. இதை ஒரு பிள்ளை கைக்கொண்டாலே அந்தத் தவணையின் பாதிப் பாடம் முடிந்தது. மேல்மண் காய்ந்திருக்கும், வேர் நிற்கும் இடம் ஈரமாயிருக்கும் என்பது செம்மண்ணில் தினமும் காணக்கூடியது.

மழைமானியும் பிள்ளைகள் செய்ததே. நேரான சுவருள்ள பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டி, புனல் போலத் தலைகீழாகச் செருகினார்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருப்பதால் அது மூடும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்தார்கள். அதிலிருந்து அடிமட்டத்தால் அளவுகோடு. 30 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பாத்தியில் 90 லீற்றர் விழுந்திருக்கிறது. இந்தப் பெருக்கலைத் தானே செய்த பிள்ளை மறுநாள் பூவாளியைத் தேடாது. வளைந்த போத்தலை எடுத்த குழுவின் அளவு மட்டும் மற்றவர்களோடு பொருந்தவில்லை. ஏன் என்று கேட்கும்போது பரப்பளவு பற்றிய கணிதப் பாடம் தானாக வந்துவிடுகிறது.

மூன்று தவணை, இரண்டு காலநிலை

இரண்டாவது பிழை காலம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மேயில் நட்ட மிளகாய் சோளகக் காற்றிலும் வெள்ளை ஈ, பனிப்பூச்சித் தாக்கத்திலும் இலை சுருண்டு நிற்கும் நேரத்தில் பாடசாலைக்கும் பூட்டு விழும். மிளகாய் கைதேர்ந்த தோட்டக்காரரையே அழவைக்கும் பயிர். பிள்ளைகளின் முதல் பயிராக அதைத் தெரிவு செய்வது நியாயமில்லை.

புதிய திட்டம் விடுமுறையை முதலில் குறித்துக்கொண்டு, அதற்குள் அடங்கும் பயிரைத் தேடியது.

முதலாம் தவணைதான் பொற்காலம். ஜனவரியில் மண்ணில் ஈரம் இருக்கிறது, காலையில் பனி, வெயிலும் கடுமையில்லை. இரண்டு பாத்தியில் சின்ன வெங்காயம், ஊரில் கிடைக்கும் வேதாளன். குமிழுக்குக் குமிழ் 10 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 10 சென்ரிமீற்றர். ஒரு பாத்திக்கு ஏறத்தாழ 300 குமிழ். நுனி வெளியே தெரியும்படி ஊன்ற வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும், மேலே விட்டால் புலுனி கிளறி எறியும். 60 முதல் 70 நாளில் தாள் சாயத் தொடங்கும். பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகத் தண்ணீரை நிறுத்தி, பிடுங்கிய பின் பிடியாகக் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். நட்ட குமிழின் நிறையையும் எடுத்த வெங்காயத்தின் நிறையையும் எழுதிப் பார்த்தால் ஒன்றுக்கு எத்தனை என்ற கணக்கு கையில் கிடைக்கும். இன்னொரு பாத்தி கீரைக்கு. தண்டுக்கீரை விதை பொடி போன்றது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து தூவாவிட்டால் ஒரு மூலையில் குவியும், மற்ற மூலை வெறுமையாகும். விதைத்த அன்றே எறும்பு இழுக்கத் தொடங்கிவிடும். பாத்தி ஓரத்தில் குறுநொய் தூவினால் எறும்பு அதனோடு மினக்கெடும், விதை முளைக்கும். முளைக்கீரையாக மூன்று வாரத்தில் பிடுங்கலாம். பொறுமையில்லாத வயதுக்கு இதைவிடத் தோதான பயிர் இல்லை.

வெங்காயம் மார்ச் கடைசியில் வெளியே வந்துவிடும். சித்திரை விடுமுறைக்குப் பாத்திகள் வெறுமையாக, சருகு மூடியபடி இருக்கும். காய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாம் தவணையில் மூன்று பாத்திதான். பயற்றை, வெண்டி, பயறு. வெங்காயம் நின்ற பாத்தி இப்போது மேடாக இருக்கக்கூடாது. மண்ணை ஓரத்துக்கு ஒதுக்கி வரம்பு கட்டித் தாழ்பாத்தியாக்க வேண்டும், அப்போதுதான் ஊற்றிய நீர் வேரடியில் நிற்கும். சருகு 5 சென்ரிமீற்றர் தடிப்பில், தண்டில் முட்டாமல். பயறு 35, 40 நாள் ஆகும்போது ஒரு செடியைப் பிடுங்காமல், மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி வேரைப் பார்க்க வேண்டும். பிடுங்கினால் வேர்முடிச்சு மண்ணிலேயே கழன்றுவிடும். முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக உள்ள விஷயம் இது. நகக்கண்ணில் அந்தச் சிவப்புப் பட்ட பிள்ளைக்கு அது பிறகு மறக்காது.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வெயிலையே வேலைக்கு வைத்தார்கள். அறுவடை முடிந்த பாத்தியை மட்டப்படுத்தி, நன்றாக நனைத்து, தெளிவான பொலித்தீன் விரித்து, ஓரங்களை 15 சென்ரிமீற்றர் பள்ளத்தில் மண் போட்டு இறுக்கி மூடினார்கள். மூன்று, நான்கு வாரம் அப்படியே கிடக்கும். உள்ளே ஏறும் சூட்டில் நாற்றழுகல் பங்கசும் களை விதையும் பெருமளவு சாகும். கறுப்புப் பொலித்தீன் போட்டால் சூடு அதிலேயே நின்றுவிடும், மண்ணுக்குள் இறங்காது. ஓரிடத்தில் கிழிந்தாலும் சூடு வெளியேறிவிடும். ஆடு ஏறிக் கிழித்த இடத்தில் மட்டும் புல் செழித்து முளைத்தது, பிள்ளைகள் கேட்காமலே கிடைத்த ஒப்பீட்டுப் பரிசோதனை. நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் போட்டு எரிப்பது ஊர் வழக்கம். பாடசாலைக்கு நெருப்பைவிட இது நல்லது.

செப்டெம்பர் முதல் வாரம் அதே பாத்தியில் கத்தரி நாற்று. திருநெல்வேலி ஊதா என்ற கத்தரி இனம் இந்த மண்ணுக்குப் பழகியது. வரிக்கு வரி 10 சென்ரிமீற்றர், விதை 1 சென்ரிமீற்றர் ஆழம், மேலே கிடுகு நிழல். நாற்று ஒரு விரல் நீளம் வந்ததும் கிடுகைப் படிப்படியாக நீக்க வேண்டும். நீக்க மறந்து தினமும் தண்ணீர் ஊற்றிய குழுவின் நாற்றுகள் அடித்தண்டு மெலிந்து ஒரே நாளில் படுத்துவிட்டன. நெருக்கமாக விதைத்ததும் சேர்ந்துகொண்டது. நான்கைந்து வாரத்தில், ஒக்டோபர் நடுப்பகுதியில், நடுகை. கன்றுக்குக் கன்று 60 சென்ரிமீற்றர், ஒரு பாத்திக்கு ஐந்து. மாரியில் பாத்தி 20 சென்ரிமீற்றராவது உயர வேண்டும். நாற்றை மாலையில் நட வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கே விட்டுவிடும். அதனால் காலையில் நட்டு, ஒவ்வொரு கன்றையும் வாழை மடல் துண்டால் மூன்று நாள் மூடினார்கள். டிசெம்பர் விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை, மழையே பார்த்துக்கொண்டது. ஜனவரியில் வந்த பிள்ளைகள் கண்டது காய்.

கிணற்றடிப் பாடம்

யாழ்ப்பாணத்தில் விவசாயம் கற்பிப்பவர் நிலத்தடி நீரை விட்டுவிட்டுக் கற்பிக்க முடியாது. வற்றாத ஆறு இங்கே இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில் ஓடுவதுதான். குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய ஒரே தண்ணீர். செம்மண் நீரை விரைவாக விடும், அடியிலுள்ள கல்லோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே போட்ட யூரியாவின் மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது நெடுநாளாக ஆய்வுகளில் பதிவான விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இது போகாது; நீர் ஆவியாகக் குறைந்து செறிவு கூடத்தான் செய்யும். புட்டிப்பால் கரைக்கும் வீடுகளுக்குப் பிள்ளைகள் மூலம் போக வேண்டிய செய்தி இது.

வகுப்பில் செய்தது சின்னப் பரிசோதனை. ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டு, அடி வெட்டித் தலைகீழாக, வாயில் துணி கட்டி நிறுத்தினார்கள். ஒன்றில் வெறும் செம்மண், மற்றதில் மூன்று பங்கு செம்மண்ணோடு ஒரு பங்கு கூட்டெரு. இரண்டிலும் ஒரே அளவு உலர்ந்த மண், 500 மில்லிலீற்றர் தண்ணீர். கீழே வடிந்ததை அளந்தால், கூட்டெரு கலந்தது கூடுதலாகப் பிடித்து வைத்திருப்பது தெரியும். மண்ணை அமுக்கி நிரப்பினால் முடிவு குழம்பிவிடும், தட்டித் தட்டி ஒரே மாதிரி நிரப்ப வேண்டும். அடுத்த கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தது: அப்படியென்றால் எருக்கும்பியிலிருந்தும் நைத்திரேற்று கிணற்றுக்கு இறங்குமா? இறங்கும். அதனால்தான் எருக்கும்பியைக் கிணற்றடியிலிருந்து வளவின் மறுகோடிக்கு மாற்றி, மாரியில் கிடுகு போட்டு மூடினார்கள்.

கை கழுவும் இடத்தின் கழிவுநீர் ஒரு வாழைக் கிடங்குக்குப் போகிறது. பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. குலை மட்டும் நன்றாகப் போடுகிறது.

கூட்டெரு

ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம். கிளிசரியாத் தடியால் சட்டம். 15 சென்ரிமீற்றர் காய்ந்த சருகு, 10 சென்ரிமீற்றர் கிளிசரியா அல்லது பூவரசம் பச்சை இலை, மேலே சாணக் கரைசல், இப்படி அடுக்கடுக்காக. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் நாறும், சொட்டே வராவிட்டால் கறையான் குடியேறும், யாழ்ப்பாணத்து வெயிலில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் புரட்டினால் மூன்று மாதத்தில் எரு. பனையோலையை இதில் போட வேண்டாம், உக்க நெடுங்காலம் எடுக்கும். அதை ஊர் முறைப்படி கிடங்கில் தாழ்ப்பது உத்தமம்.

புரட்டும்போது வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் பெரிய புழுக்கள் காண்டாமிருக வண்டின் குஞ்சாகலாம். தென்னையையும் பனையையும் துளைக்கும் வண்டு அது. பொறுக்கிக் கோழிக்குப் போட வேண்டும். முதல் புரட்டை எப்போதும் பெரியவர் ஒருவர் அலவாங்கால் கிளறிச் செய்வார். எருக்கும்பி புடையன், சுருட்டைப் பாம்புகளுக்கு நல்ல இடம்.

எந்தப் பூச்சியைக் கொல்வது

பயற்றைக் கொழுந்தில் அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) மொய்த்ததும் பிள்ளைகள் செய்த முதல் வேலை, அதன் நடுவே ஊர்ந்த கறுப்புப் புழுக்களை நசுக்கியது. செம்மஞ்சள் புள்ளியோடு குட்டி முதலை போலிருக்கும் அது பொறிவண்டின் குடம்பி. அழுக்கணவனைத் தின்னவே அங்கே வந்தது. அடுத்த வாரம் பாத்தி முழுக்க அழுக்கணவன். அதன் பிறகு தோட்டத்தில் ஒரு சட்டம்: எந்தப் பூச்சியையும் பத்து நிமிடம் பார்த்து, அது எதைத் தின்கிறது என்று எழுதாமல் கொல்லக்கூடாது.

கத்தரியில் நிலைமை மறுதலை. அங்கேயும் புள்ளி வைத்த வண்டுதான், ஆனால் இது இலையைச் சுரண்டும் எப்பிலக்னா. கண்ணாடி வில்லையால் பார்த்தால் வித்தியாசம் தெளிவு. நன்மை செய்யும் பொறிவண்டின் முதுகு பளபளக்கும். எப்பிலக்னாவின் முதுகு மங்கல், மெல்லிய மயிர் படர்ந்தது, பெரும்பாலும் 28 புள்ளி. அதன் குடம்பி மஞ்சள், உடல் முழுக்கக் கிளைத்த முள். இலையின் பச்சையைச் சுரண்டி நரம்பை வலை போல விட்டுவைக்கும். முட்டை இலையின் அடியில் மஞ்சளாக, கூட்டமாக, நட்டுக்குத்தாக இருக்கும். ஆறு பாத்தித் தோட்டத்துக்கு மருந்து தேவையில்லை. வாரம் இரண்டு தடவை இலையைத் திருப்பிப் பார்த்து நசுக்கினால் போதும். வேப்பம்பருப்புக் கரைசல் (லீற்றருக்கு 50 கிராம் இடித்த பருப்பு, ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம்) வெயிலில் வீரியம் இழக்கும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். மாலையில் பிள்ளைகள் இல்லை. விளையாட்டுப் பயிற்சிக்கு நிற்கும் நாட்களில் மட்டும் அது நடந்தது.

மாரி தொடங்கியதும் ஆபிரிக்க இராட்சத நத்தை. இரவில் நனைந்த சாக்கை வழியில் விரித்துவிட்டால் விடியலில் அதன் அடியில் ஒட்டியிருக்கும். கையுறையோடுதான் எடுக்க வேண்டும், அதன் சளியில் மனிதருக்குத் தொற்றும் ஒட்டுண்ணி இருக்கலாம். உப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் முடிந்தது. முருங்கைத் தண்டில் மயிர்க்கொட்டி கூட்டமாக ஒட்டும் நாட்களில் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை. எலிக்காய்ச்சல் காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவும் அனுமதியில்லை.

மஞ்சளான இலையைக் கண்டால் அது கிழட்டு இலையா கொழுந்தா என்று முதலில் கேட்கப் பழகியிருக்கிறார்கள். அடியிலை முழுதாக மஞ்சளானால் நைதரசன் குறைவு. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. சுண்ணாம்பு கூடிய கிணற்று நீர் பாயும் இடங்களில் அடிக்கடி தெரியும். இரண்டாவதற்கு யூரியா போட்டு ஒரு பயனும் இல்லை.

மனிதர் பக்கம்

பழைய தோட்டத்தைக் கொன்றதில் தண்ணீருக்கு அடுத்த பங்கு ஒரு பழக்கத்துக்கு உண்டு. பிந்தி வந்த பிள்ளையைப் புல்லுப் பிடுங்க அனுப்புவது. தோட்டம் தண்டனைக்கூடமானால் நல்ல பிள்ளை அங்கே போகாது. அதிபர் இதை எழுத்தில் நிறுத்தினார். திட்டத்தில் மிக மலிவான மாற்றமும் மிகப் பயனுள்ளதும் இதுவே.

பெற்றோரின் மறுப்பு வேறு விதம். கூட்டத்தில் ஒரு தாய் கேட்டது நியாயமானதே: "ரீச்சர், நாங்கள் வெயிலுக்கை மண்ணோடை கிடக்கிறது காணாதே? பிள்ளையும் மண்வெட்டி பிடிக்கவோ பள்ளிக்கூடம் அனுப்பினனாங்கள்?" ஆசிரியை பதில் சொல்லாமல் அவரின் மகளின் குறிப்புக் கொப்பியைக் கொடுத்தார். திகதி, மழை, ஊற்றிய லீற்றர், செடியின் உயரம், கண்ட பூச்சி என்று ஐந்து நிரல். தாய் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "பூச்சி எண்ணினது சரி, ஆனால் பயற்றைக்குத் தடி ஊண்டப் பிந்திப்போச்சு" என்றார். அடுத்த வாரம் அவரே வந்து தடி ஊன்றிக் காட்டினார். தோட்டம் செய்யும் பெற்றோரைச் சிரமதானத்துக்கு மட்டும் அழைக்கும் பாடசாலைகள் அவர்களின் அறிவைக் கடப்பில் நிறுத்திவிட்டு முதுகை மட்டும் உள்ளே எடுக்கின்றன.

வேலி பற்றிச் சுருக்கமாக: கட்டாக்காலி மாடும் ஆடும் உள்ள ஊரில் வேலிதான் முதல் செலவு. கிளுவைக் கதியாலை மாரிக்குச் சற்று முன் ஊன்றினால் வேர் பிடிக்கும். அதுவரை கம்பி வலை.

இன்னும் தீராதது ஆசிரியர் இடமாற்றம். தோட்டம் ஒருவரின் தலையில் இருந்தால் அவரோடு சேர்ந்து அதுவும் போய்விடும். இதற்காகத் தவணை முடிவில் ஒரு கையளிப்புக் கொப்பி எழுதப்படுகிறது: எந்தப் பாத்தியில் கடைசியாக எந்தக் குடும்பப் பயிர் நின்றது (கத்தரி நின்ற இடத்தில் அடுத்து மிளகாயோ தக்காளியோ வரக்கூடாது), பொலித்தீன் எந்த அறையில், விதைப் போத்தல்களில் எந்தத் திகதி. பயற்றை, வெண்டி, கீரை விதை அங்கேயே எடுக்கப்படுகிறது. காயைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு, உடைத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து காற்றுப் புகாத போத்தலில். கலப்பினப் பைக்கற்று விதையிலிருந்து வந்த செடியில் விதை எடுப்பதில்லை, அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. கொப்பியின் முதல் பக்கத்தில், விடுமுறையில் மோட்டர் அறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது.